சண்டிக்கும் சோர்ஸ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்பு இணைப்பில் சென்ற வாரம் மென்பொருள் சோதனைத் துறை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புரோகிராம் எழுத வராதவர்களும் டெஸ்டிங் வேலைக்குப் போகலாம், கையில் கொடுக்கிற டூலை ஓட்டத் தெரிந்தால் போதும் என்று அதில் இருந்தது. கோவையில் 18 ஆண்டுகளாக இதே வேலை பார்க்கிறவள் நான். அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இந்த வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டெஸ்டுக்குத் துணையாக நிற்கும் குட்டி நிரலை நாமே எழுதத் தெரிய வேண்டும். அதைவிட, ஒவ்வொரு முறையும் சோர்ஸிலிருந்து, அதாவது நாம் எழுதிய நிரல் வரிகளிலிருந்து, கம்பைல் செய்து (மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி) ஓட்டத் தெரிய வேண்டும். அது தெரியாமல் போனதால் எங்கள் நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

நாங்கள் நூற்பாலைகளுக்கு உற்பத்திக் கணக்கெடுக்கும் மென்பொருள் செய்கிறோம். நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேம் ஒவ்வொன்றும் எத்தனை ஹாங்க் (நூல் நீளக் கணக்கு) ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை மெஷினோடு இணைத்த சிறு பெட்டி எடுத்துத் தரும். மெஷின் வரிசை ஒன்றுக்கு ஒரு நிரல் உட்கார்ந்து அந்தக் கணக்கை வாங்கும். இந்த நிரல்களையெல்லாம் மேய்க்க ஒரு நிரல் உண்டு. அலுவலகத்தில் அதற்கு ‘மேஸ்திரி’ என்று பெயர். கீழே இருக்கிற நிரல் ஒன்று செத்தால் மேஸ்திரி அதை மறுபடி கிளப்ப வேண்டும். சாகாமல் அசையாமல் நின்றுவிட்டால், முதலில் சிக்டெர்ம் என்ற சிக்னல் அனுப்பி ‘கணக்கை எழுதி வைத்துவிட்டு வெளியே வா’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். 10 விநாடி பார்த்தும் வரவில்லை என்றால் மறுக்க முடியாத சிக்கில் (SIGKILL) என்ற சிக்னல் அனுப்பி முடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிளப்ப வேண்டும்.

மேஸ்திரியைச் சோதிப்பது எப்படி? உண்மையான கணக்கு நிரலைப் பிடித்து ‘இப்போது நீ தொங்கிப் போ’ என்று சொல்ல முடியாது. அது நல்லபடியாக ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது. ஆகவே வேண்டுமென்றே கெட்டுப் போகிற குட்டி நிரல்கள் தேவை. எங்களிடம் அப்படி 11 இருக்கின்றன. ‘பொசுக்கு’ என்று ஒன்று. கிளம்பியதும் நாம் சொன்ன எக்ஸிட் கோடோடு (முடியும்போது நிரல் விட்டுச்செல்லும் எண்) பொசுக்கென்று செத்துவிடும். ‘வாயாடி’ என்று ஒன்று. எரர் செய்திகள் போகும் வழியில் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்றுக்குக் கொண்டு போகும் பைப் சாதாரணமாக 65,536 பைட்டு வரைதான் தாங்கும். மேஸ்திரி அந்தப் பக்கம் படிக்காமல் விட்டால் பைப் நிரம்பி வாயாடி எழுத முடியாமல் நிற்கும். வாயாடி முடிக்கட்டும் என்று மேஸ்திரியும் நிற்கும். இரண்டும் விடிய விடிய ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தத் தவற்றை வாயாடியை விட்டால் பிடிக்க வேறு ஆள் இல்லை.

மூன்றாவது, ‘சண்டி’. சண்டி மாடு போல, சிக்டெர்ம் வந்தால் நகராது. சிக்கில் வந்தால் மட்டுமே சாகும்.

இந்தச் சண்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் எழுதினார். தன் லேப்டாப்பில் கம்பைல் செய்து, வந்த பைனரியை (மெஷின் மட்டுமே படிக்கும் ஃபைலை) மட்டும் ரெப்போவில், அதாவது டீம் கோடு சேமிக்கும் பொது இடத்தில், போட்டுவிட்டுப் போனார். சோர்ஸைப் போடவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு ரிலீஸுக்கு முந்தின ராத்திரி, நானும் பக்கத்தில்தான் இருந்தேன், நானும் கேட்கவில்லை. பிறகு அவர் வேறு வேலைக்குப் போனார். லேப்டாப் திரும்ப வந்தது, அதை அழித்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். ரெப்போவில் 16 கிலோபைட்டில் ஒரு பைனரி மட்டும் மிச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. டெஸ்ட் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்ததால் யாரும் தேடவும் இல்லை.

மில்லில் வைக்கும் பெட்டிகள் ஏ.ஆர்.எம். சிப்பில் ஓடுபவை. அதே சிப்பில்தான் சோதனையும் ஓட வேண்டும் என்று முடிவெடுத்து, டெஸ்ட் சர்வரை இன்டெலிலிருந்து ஏ.ஆர்.எம்.முக்கு மாற்றினோம். அது சரியான முடிவுதான். சண்டி மட்டும் இன்டெலுக்குக் கம்பைல் ஆனது. புதிய சர்வரில் அதைக் கிளப்பினால் லினக்ஸ் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று சொல்லித் திருப்பிவிடும். சண்டி பிறக்கவே இல்லை.

ஆனால் டெஸ்ட் தோற்கவில்லை. அந்த டெஸ்ட் எழுதப்பட்ட விதம் இது: சண்டியைக் கிளப்பு, 2 விநாடி பொறு, மேஸ்திரியிடம் நிறுத்தச் சொல், 15 விநாடி கழித்துச் சண்டி என்ற புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பாஸ். பிறக்காத புரோசஸ் எப்படி இருக்கும்? தினமும் பாஸ். கிளம்பவில்லை என்ற எரர் லாகில் (டெஸ்ட் ஓடிய குறிப்பில்) ஒரு வரியாக விழுந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிகிற டெஸ்டின் லாகை யாரும் திறப்பதில்லை.

இப்படி 8 மாதம். நடுவில் மேஸ்திரியின் கோடில் ஒருவர் வேறொரு திருத்தம் செய்தபோது, அந்த 10 விநாடி டைமர் தவறுதலாக ரத்தாகிப் போனது. சிக்டெர்ம் போகும், அதற்குப் பிறகு மேஸ்திரி எதுவும் செய்யாமல் காத்துக்கொண்டே இருக்கும். சண்டி உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

விளைவு ஒரு மில்லில் தெரிந்தது. முழு நைட் ஷிப்டில் விடியற்காலை 3 மணிக்குக் கணக்கு நிரல் ஒன்று தொங்கிப்போனது. மெஷின் பக்கத்து ஒயர் ஆட்டம் கண்டு, பாதிச் செய்தி வந்து மீதி வராமல், நிரல் உள்ளேயே ஒரு சுற்றில் மாட்டிக்கொண்டது. மேஸ்திரி மரியாதையாகச் சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காலை 8 மணி வரை காத்திருந்தது. ஒரு வரிசை முழுக்க 5 மணி நேரக் கணக்கு இல்லை. அந்த மில்லில் உற்பத்தியைப் பொறுத்துத்தான் ஊக்கத்தொகை. நிர்வாகம் முந்தைய நாட்களின் சராசரியைப் போட்டுக் கொடுத்தது. அடுத்த நாள் நான் அங்கே போயிருந்தபோது, அந்த வரிசையில் சைடர் வேலை (மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனிக்கும் வேலை) பார்த்த அக்கா ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: “அன்னிக்குப் பக்கத்து சைடும் சேத்து நாந்தான் பாத்தேன் கண்ணு. அது கணக்குல வருமா, வராதா?”

என் அம்மாவும் மில்லில் வைண்டிங்கில் இருந்தவர். ஷிப்டு முடிந்து வந்து காதில் ஒட்டியிருக்கும் பஞ்சை எடுத்துக்கொண்டே அன்றைய கணக்கை விரல் விட்டு எண்ணுவார். அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது? வராது என்றுதான் சொன்னேன்.

அலுவலகம் வந்து 2 நாள் தேடி, லாகில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தோம். சண்டியைத் திரும்ப எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சி மொழியில் 23 வரி. முதலில் சிக்டெர்மைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி. அடுத்து ‘தயார்’ என்று அச்சடித்து, அது உடனே வெளியே போகும்படி பஃபரைக் காலி செய்ய ஒரு வரி. பிறகு ‘pause’ என்ற அழைப்பில் (டெஸ்ட் பாஸாகிற பாஸ் இல்லை) தூங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சுற்று. மீதியெல்லாம் ஹெட்டரும் பிரேஸும்தான்.

அந்த ‘தயார்’ வரியை வேலைக்கு வரும் புதியவர்கள் அடிக்கடி தூக்கிவிடுகிறார்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. சண்டி கிளம்பி, சிக்டெர்மைப் புறக்கணிக்கத் தொடங்குவதற்குள் ஒரு நொடியின் சிறு துண்டு இருக்கிறது. மேஸ்திரியின் சிக்னல் அந்தத் துண்டுக்குள் வந்து விழுந்தால் சண்டி சாதாரண நிரலைப் போலச் செத்துவிடும். டெஸ்ட் சில நாள் பாஸாகும், சில நாள் தோற்கும். 2 விநாடி பொறு என்று எழுதுவது அதற்குத் தீர்வாகாது; சர்வர் திணறுகிற நாளில் 2 விநாடியும் போதாது. ‘தயார்’ என்று சண்டி வாயால் கேட்ட பிறகே டெஸ்ட் அடுத்த அடி வைக்க வேண்டும். முடிவிலும் ‘புரோசஸ் இல்லை’ என்பதோடு நிற்காமல், எந்த சிக்னலால் செத்தது என்று கேட்கிறோம். 9 என்று வந்தால்தான் பாஸ். அதாவது சிக்கில். பிறக்காத சண்டி தயார் என்று சொல்லாது, 9 என்றும் வராது.

இனி முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன். ரெப்போவில் ஒரு பைனரிகூட இப்போது இல்லை. 11 குட்டி நிரல்களும் சோர்ஸாக மட்டுமே இருக்கின்றன. டெஸ்ட் தொடங்கும் முன் அந்த மெஷினிலேயே, அந்த மெஷினின் கம்பைலரால், ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் கம்பைல் ஆகின்றன. ஒன்று கம்பைல் ஆகாவிட்டாலும் மொத்த டெஸ்டும் அங்கேயே சிவப்பு. முடிந்ததும் ஃபோல்டரோடு அழிந்துவிடும். 11-க்கும் சேர்த்து 4 விநாடிகூட ஆவதில்லை.

நேரம் வீண் என்று எங்கள் அலுவலகத்திலேயே சொன்னார்கள். ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவிடலாமே, கம்பைலே வேண்டாமே என்றும் கேட்டார்கள். எழுதிப் பார்த்தோம். சிக்டெர்மைத் தள்ளிவிட்டு ஸ்லீப்பில் இருக்கச் சொன்னால், ஸ்லீப் என்பதே தனியாக ஒரு புரோசஸ். மேஸ்திரி ஷெல்லைக் கொன்றாலும் ஸ்லீப் அநாதையாக உயிரோடு இருந்து பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் சோதிக்க நினைத்தது ஒன்று, சோதிப்பது வேறொன்று. போதாததற்கு உபுண்டு என்ற லினக்ஸில் ஒரு ஷெல், பெட்டிக்குள் பிஸிபாக்ஸ் என்ற வேறொரு ஷெல். கம்பைல் ஆன நிரலில் நாம் எழுதியது மட்டும்தான் இருக்கும்.

கம்பைல் செய்து வைத்ததை மெஷினுக்கு மெஷின் தூக்கிக்கொண்டு போவதும் உதவாது. சிப் ஒன்றாக இருந்தாலும் போதாது. உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்த நிரலை 20.04-க்குக் கொண்டு போனால், ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று மறுக்கும். ஜிலிப்சி என்பது சி நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம், 20.04-இல் இருப்பது அதன் 2.31. ஆல்பைன் லினக்ஸுக்குக் கொண்டு போனால் இன்னும் குழப்பம். ஃபைல் கண் முன்னால் இருக்கும்போதே ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று சொல்லும். அது தேடுவது நம் ஃபைலை அல்ல, நம் ஃபைலைக் கிளப்பித் தர வேண்டிய லோடரை. ஆல்பைனில் அந்த லோடர் கிடையாது. இதில் ஒரு முழு நாளைத் தொலைத்த தம்பி ஒருவர் எங்கள் டீமில் இருக்கிறார்.

அந்த இடத்திலேயே கம்பைல் செய்வதிலும் சிக்கல் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வாரம் எங்கள் டெஸ்ட் எப்போதாவது ஒருமுறை ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று தோற்றது. மறுபடி ஓட்டினால் பாஸ். காரணம் இதுதான். கம்பைல் ஆன சண்டியை ஒவ்வொரு டெஸ்டும் தன் ஃபோல்டருக்கு நகல் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. நகல் எழுதிக்கொண்டிருக்கிற அதே கணத்தில் டெஸ்டுக்குள்ளேயே இணையாக ஓடும் இன்னொரு திரெட் வேறு நிரலைக் கிளப்ப ஃபோர்க் செய்தால் (பிள்ளை புரோசஸ் ஒன்றைப் பிரித்தால்), எழுதத் திறந்திருந்த அந்த ஃபைல் பிள்ளை புரோசஸின் கையிலும் கொஞ்ச நேரம் இருக்கும். யாரோ எழுதத் திறந்து வைத்திருக்கிற ஃபைலை ஓட்ட லினக்ஸ் விடாது. நகல் எடுப்பதையே நிறுத்தினோம். எல்லா டெஸ்டும் தொடங்கும் முன் ஒரே இடத்தில் கம்பைலரே நேராக எழுதட்டும், எல்லோரும் அதையே ஓட்டட்டும் என்று மாற்றினோம். அதன் பிறகு அந்த எரரை நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. உங்கள் வாசகர்களில் கணினித் துறையில் இருக்கிறவர்கள் தினமும் பயன்படுத்தும், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவி, தன் டெஸ்டுகளுக்கான குட்டி நிரல்களை ‘டி’ என்ற ஃபோல்டருக்குள் ‘ஹெல்ப்பர்’ என்று தனியாகச் சோர்ஸாகவே வைத்திருக்கிறது. முன்பு தனித்தனிப் பைனரிகளாகக் கம்பைல் ஆனவற்றை 2018-இல் ‘டெஸ்ட்-டூல்’ என்ற ஒரே நிரலுக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆட்டோமேக் என்ற பழைய கருவியில், ‘மேக் செக்’ என்று சொன்னால் மட்டும் கம்பைல் ஆகிற நிரல்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. கோ மொழிக்காரர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: டெஸ்ட் நிரலே ஒரு என்விரான்மென்ட் வேரியபிளைப் பார்த்து, தன்னைத்தானே குட்டி நிரலாக மறுபடி கிளப்பிக்கொள்ளும். தனிப் பைனரியே வேண்டாம். இதைக் கல்லூரியில் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இது வேலை நேர்த்தி பற்றிய பேச்சு மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2024 மார்ச் 29 அன்று உலகம் முழுக்க சர்வர் பார்க்கிறவர்கள் தூக்கம் கெட்டதை நினைவுபடுத்துகிறேன். எக்ஸ்-இஸட் என்பது ஃபைலைச் சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக வெளியாள் உள்ளே புக வைத்த கதவு. அந்தக் கள்ள கோடை எங்கே ஒளித்து வைத்தார்கள் தெரியுமா? டெஸ்ட் ஃபைல்களில். டெஸ்ட் ஃபோல்டருக்குள் கிடந்த 2 பைனரி ஃபைல்களுக்குள். வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு பில்ட் ஸ்கிரிப்ட், கம்பைல் நடக்கும்போது அதை உருவி எடுத்து உள்ளே சேர்த்தது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர் 2 ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்துவிட்டுத்தான் இதைச் செய்தார். டெபியன் என்ற லினக்ஸின் சோதனைப் பதிப்புகள் வரை அது போய்விட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் வேலை செய்யும் பொறியாளர், எஸ்.எஸ்.ஹெச். லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுக்கிறதே என்று விடாமல் தோண்டினார். அவர் அதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

டெஸ்ட் ஃபோல்டரில் கிடக்கிற பைனரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதைச் செய்தவருக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் சண்டியையும் எத்தனையோ ஆண்டு யாரும் திறந்து பார்க்கவில்லையே. அதில் கெட்டது எதுவும் இல்லை என்று இன்று நான் சொல்வது, எழுதிய அண்ணனைத் தெரியும் என்ற ஒரே காரணத்தால்தான்.

எக்ஸ்-இஸட் போன்ற கருவிக்கு வேண்டுமென்றே கெடுத்து வைத்த சுருக்க ஃபைல்கள் தேவை, அவற்றைச் சோர்ஸாக வைக்க எளிதில் முடியாது என்பது எனக்குத் தெரியும். அவை எப்படி உருவாயின என்று பக்கத்தில் ஒரு குறிப்பாவது வைக்கலாம். ஆனால் ஓடுகிற நிரலுக்கு அந்தச் சாக்கு இல்லை. 23 வரியை எழுதி வைக்க முடியாத டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. கம்பைலரையே நம்பலாமா என்று சில இளைஞர்கள் கேட்பார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அந்தக் கேள்வியை 1984-லேயே எழுதிவைத்துவிட்டார். அது பெரிய கேள்வி, அதற்காகக் கையில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து போடக் கூடாது.

வாடிக்கையாளர் இடத்தில் கம்பைலர் இருக்காதே என்று கேட்பவர்களுக்கு: அங்கே வேண்டாம். மென்பொருளை பில்ட் செய்கிற இடத்தில், அதே கமிட்டிலிருந்து (ரெப்போவில் பதிந்த அதே நிலையிலிருந்து), அந்தச் சிப்புக்கே குட்டி நிரல்களையும் கம்பைல் செய்து கூடவே அனுப்புங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு சோர்ஸ் இருக்கும்.

ஆசிரியர் அவர்களே, அந்த வேலைவாய்ப்பு இணைப்பைப் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வருகிறார்கள். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் உண்டு. டூலின் பெயரைப் பத்து சொல்கிறார்கள். ‘சொன்ன எக்ஸிட் கோடோடு சாகிற ஒரு நிரல் எழுதி, கம்பைல் செய்து காட்டும்மா’ என்றால் திகைத்துப் போகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. இது டெஸ்டிங் வேலையில் சேர்ந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. போன மாதம் அப்படித் திகைத்த ஒரு பெண்ணை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பொசுக்கு 5 வரி. கம்பைல் செய்து, ஓட்டி, ஷெல்லில் எக்ஸிட் கோடைக் கேட்டதும் 7 என்று வந்தது. அவள் தானாகவே 7-ஐ 300 என்று மாற்றி மறுபடி கம்பைல் செய்தாள். 44 என்று வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எக்ஸிட் கோட் 8 பிட்டுதான், 256 போக மிச்சம்தான் வெளியே தெரியும் என்று அதன் பிறகு சொன்னேன். அவளை எடுத்துக்கொண்டோம்.

ஆகவே அடுத்த இணைப்பில் இதற்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். சண்டியின் 23 வரியையும் பொசுக்கின் 5 வரியையும் இக்கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். எங்கள் நிறுவனத்தின் ரகசியம் எதுவும் அதில் இல்லை, மேலாளரிடம் கேட்டுவிட்டேன். சி கம்பைலர் உள்ள எந்த லினக்ஸ் மெஷினிலும் ஓடும். வரிகளை ஒடிக்காமல் அச்சிட்டால் பிள்ளைகள் பார்த்து அப்படியே தட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மென்பொருள் சோதனையாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.
(நிறுவனத்தின் பெயர் வெளிவரக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)